மனை, கட்டட அனுமதியில் சலுகை நடந்ததா? கோப்பைப் பிடித்துச் சரிபார்க்கும் முறை: கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு முழுமையான வழிகாட்டி

ஏலாவில் (வயல்வெளியில்) மண் லாரி இறங்கத் தொடங்கிய மறுநாளே ஊரில் எழும் முதல் கேள்வி, "அது யாருக்க ஆளு?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு புறப்பட்ட புகார்களில் பெரும்பாலானவை அதே இடத்தில் நின்றுபோவதைக் கடந்த சில ஆண்டுகளில் மனு எழுத உதவியவன் என்ற முறையில் பார்த்திருக்கிறேன். யாருடைய ஆள் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்த விதி, எந்தத் தேதி, யாருடைய கையெழுத்து என்ற மூன்றும் அதற்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. வரிசையை மாற்றினால் என்ன கெடும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. சந்தேகத்தை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைப்பு இடுங்கள்: விதிமீறல், பாரபட்சம், இலஞ்சம். விதி தடுப்பதை அனுமதித்திருந்தால் அது விதிமீறல். விதி இடம் தருவதை ஒருவருக்கு மூன்று நாளில் கொடுத்து, மற்றவரை மூன்று மாதம் அலையவிட்டால் அது பாரபட்சம். அனுமதிக்காகப் பணமோ வேறு ஆதாயமோ கைமாறியிருந்தால் அது இலஞ்சம். மூன்றுக்கும் தேவையான சான்று வேறு, போக வேண்டிய வாசலும் வேறு.

இதை முதலிலேயே பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில், பொதுநலன் ஏதுமின்றி ஒருவருக்குப் பொருள் ஆதாயம் கிடைக்கச் செய்வதையே குற்றமாக்கிய 13(1)(டி) பிரிவு இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. அதே திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவு, பொது ஊழியர் தம் பணியில் எடுத்த முடிவைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே உரிய அதிகாரியின் ஒப்புதலைக் கோருகிறது. ஆகவே "சலுகை காட்டினார்" என்று மட்டும் எழுதிய மனுவைக் கொண்டு இலஞ்ச ஒழிப்புத் துறையால் அதிகம் செய்ய இயலாது. விதிமீறலையோ ஆவணத்தைக் கொண்டு நிறுவலாம். அதற்கு யாருடைய வாக்குமூலமும் தேவையில்லை. எனவே எப்போதும் முதல் தலைப்பிலிருந்தே தொடங்குங்கள்.

2. மனு எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நில அளவை எண். "பெட்ரோல் பங்குக்குப் பின்னால் உள்ள இடம்" என்று எழுதிய மனு எந்த அலுவலகத்திலும் நகராது. நம் மாவட்டத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பழைய பிரமாணங்களில் (பத்திரங்களில்) திருவிதாங்கூர்க் காலத்துச் சர்வே எண்ணே இருக்கும். இன்றைய பட்டாவிலும் அனுமதிக் கோப்பிலும் இருப்பது ரீசர்வே (மறு நில அளவை) எண். நாகர்கோவில் மாநகரப் பகுதியில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று இன்னொரு வரிசையும் சேரும். பழைய எண்ணைக் கொடுத்துக் கேட்டால், "அவ்வெண்ணில் கோப்பு எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதில் பொய்யும் அல்ல.

இரண்டாவது, அந்த எண்ணுக்குரிய பட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் ஆகியவை. இவற்றை அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துவிடலாம். அ-பதிவேட்டில் நிலம் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா என்பது இருக்கும். புலப்படத்தில் ஓடை, நடைபாதை, சானல் கரை ஆகியவை கோடாகத் தெரியும். வாதம் முழுவதும் சில வேளைகளில் இந்த ஒரு கோட்டின் மேல்தான் நிற்கும்.

மூன்றாவது, குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று. யார் எப்போது வாங்கினார், அனுமதிக்கு எத்தனை நாள் முன்பு வாங்கினார், சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டனவா என்பவை இதில் வெளிப்படும்.

நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ ஆனால், அது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். தமிழ்நாடு ஆணையத்தின் இணையதளத்தில் அனுமதி எண்ணும் வரைபடமும் காசில்லாமல் கிடைக்கும். அங்கே கிடைப்பதைக் கேட்டுத் தகவல் மனு (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியான மனு) போட்டு ஒரு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

கூடவே, இடத்தின் படங்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும், ஒரே கோணத்தில். குளத்தை நிரப்பிய பிறகு அங்கே குளம் இருந்தது என்று காட்டுவது எளிதன்று.

3. அனுமதி கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு என நான்கு நகராட்சிகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள், 95 ஊராட்சிகள் இருக்கின்றன. இவ்வளவு சிறிய மாவட்டத்தில் இவ்வளவு பேரூராட்சிகள் வேறெங்கும் இல்லையென்று வியப்பவர்கள் உண்டு; நமக்கு அதனால் வரும் விளைவு, பெரும்பாலான கோப்புகளில் கையெழுத்திடுபவர் பேரூராட்சிச் செயல் அலுவலர் என்பதே. மாநகராட்சி, நகராட்சிகளில் ஆணையர். ஊராட்சியில் தலைவர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 சனவரியில் முடிந்ததால், அதற்குப் பிந்தைய கோப்புகளில் தனி அலுவலரின் கையெழுத்தைத் தேட வேண்டும்.

சிறிய வீடுகளுக்கு உள்ளாட்சியே அனுமதி தரும். பெரிய கட்டடத்துக்கும் மனைப்பிரிவுக்கும் நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் முதலில் வேண்டும். அதன் பிறகே உள்ளாட்சியின் இறுதி அனுமதி வரும். ஆகவே இரண்டு அலுவலகங்களில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்றை மட்டும் கேட்டவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, எடுத்த எடுப்பில் கவுன்சிலரையோ பேரூராட்சித் தலைவரையோ குற்றம் சொல்வது. கட்டட அனுமதி சட்டப்படி அலுவலரின் வேலை. மன்றம் தலையிடும் இடங்கள் வேறு: நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான தீர்மானம், சாலை மற்றும் பூங்கா இடத்தை ஏற்கும் தீர்மானம் போன்றவை. அரசியல் கை இருந்தால் அதன் தடம் தீர்மானப் புத்தகத்தில்தான் அதிகம் கிடைக்கும். நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் கூட்ட நாளன்றே சேர்க்கப்பட்ட பொருளா என்று பாருங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையையும் நினைவில் வையுங்கள். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடு என்றால், விண்ணப்பதாரரின் உறுதிமொழியின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைத்துவிடும். "ஆய்வே செய்யாமல் கொடுத்துவிட்டார்" என்று அந்த வீட்டின் மேல் புகார் எழுதினால், பதில் சொல்லும் அலுவலர் சிரித்துக்கொண்டே கோப்பை மூடுவார். அங்கே கேட்க வேண்டியது, உறுதிமொழியில் சொன்ன அளவும் கட்டியிருக்கும் அளவும் ஒன்றா என்பது.

4. எந்த விதி உடைந்தது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

அடிப்படைச் சட்டம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அளவுகள் இருப்பது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில். சலுகை வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சாலை அகலம். எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு என்பது மனையைத் தொடும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. எங்கள் பக்கத்து இடவழிகளை வரைபடத்தில் அகலமான சாலையாக மாற்றுவதற்குப் பேனா ஒன்று போதும். நீங்களே நாடா பிடித்து மூன்று இடங்களில் அளந்து, படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, திறந்தவெளி ஒதுக்கீடு. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாக உள்ளதில் 10 விழுக்காடு பொது இடமாக ஒதுக்கப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். நம் கணக்கில் 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 74 சென்ட். 10,000 என்பது 247 சென்ட். ஒரே தோப்பை 70 சென்ட், 72 சென்ட் என்று துண்டாக்கி, வீட்டுக்காரர், மச்சான், மைத்துனர் பெயர்களில் தனித்தனி விண்ணப்பம் போடும் வித்தை இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். பக்கத்துப் பக்கத்து உட்பிரிவுகளுக்கு அடுத்தடுத்த வாரங்களில் அனுமதி வந்திருந்தால் வில்லங்கச் சான்றுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். தாய்ப் பிரமாணம் ஒன்றாகவே இருக்கும்.

மூன்றாவது, நன்செய். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வேளாண் துறையின் கருத்தைக் கேட்காமல் நன்செய்யை மாற்ற இயலாது. "பல ஆண்டுகளாகப் பயிரில்லை, பாசன வசதி இல்லை" என்ற ஒரு வரி அந்தக் கருத்தில் வந்திருந்தால், அதே ஏலாவில் பக்கத்து வயலுக்குச் சானல் தண்ணீர் பாய்கிறதா என்று போய்ப் பாருங்கள். கோதையாற்றுப் பாசனத்தின் கீழ் வரும் தோவாளைச் சானல், அனந்தனாற்றுச் சானல், பட்டணங்கால் போன்றவற்றின் கரையோர நிலமானால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கோப்பில் இருக்க வேண்டும்.

நான்காவது, சிறப்புப் பகுதிகள். கடலோரக் கிராமமானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றில் ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்களைச் சுற்றியுள்ள இடமானால் ஈரநிலக் கட்டுப்பாடு. கோயில் நிலமானால் அறநிலையத் துறை. இவற்றில் ஒன்று வேண்டியிருந்து கோப்பில் இல்லையென்றால், உங்கள் புகாரில் அதுவே முதல் வரி.

அனுமதியில்லா மனைகளைப் பற்றியும் ஒன்று. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவைத் தடுத்த பிறகு, அவற்றை முறைப்படுத்த 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்குத் தகுதிநாள் 2016 அக்டோபர் 20. அந்த நாளுக்குப் பிறகு பிரித்த தோப்பு வரன்முறை பெற்றிருந்தால், பழைய தேதியில் மனை விற்றதாகக் காட்டிய பத்திரத்தைப் பதிவு எண்ணோடு சரிபாருங்கள்.

5. தகவல் மனு: "ஏன்" என்று கேட்காதீர்கள்

என் முதல் மனுவில் 17 கேள்விகள் இருந்தன. அவற்றில் பன்னிரண்டு "ஏன்", "எப்படி" என்று தொடங்கின. ஒரு மாதம் கழித்து வந்த பதில், "கேள்வி வடிவிலான வினாக்களுக்கு விளக்கம் அளிக்க வழிவகை இல்லை". கோபம் வந்தது, ஆனால் தவறு என்னுடையது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 தருவது ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பெறும் உரிமை. அலுவலரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அதில் இல்லை.

எனவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இப்போது நான் எழுதித் தரும் வடிவம் இது:

"… கிராமம், ரீசர்வே எண் … இல் அமைந்த மனைப்பிரிவுக்கு அனுமதி அளித்த கோப்பிலுள்ள விண்ணப்பம், தள ஆய்வு அறிக்கை, குறிப்புக் கோப்பின் அனைத்துப் பக்கங்கள், பிற துறைகளின் தடையின்மைச் சான்றுகள், அக்கோப்பு பதியப்பட்ட தன்பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை அளிக்கவும். மேலும் 2(ஜெ) பிரிவின்படி மேற்படி கோப்பு முழுவதையும் நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தெரிவிக்கவும்."

தன்பதிவேட்டைக் கேட்பதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். எந்தத் தபால் எந்த நாளில் எழுத்தரின் மேசைக்கு வந்தது, எந்த நாளில் மேலே போனது என்பது அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். கோப்பில் உள்ள தேதியை மாற்றினாலும், நூறு தபால்களுக்கு நடுவே பதிந்த பதிவேட்டுத் தேதியை மாற்றுவது கடினம். இணையவழி விண்ணப்பமானால் ஒற்றைச் சாளரத் தளத்தில் கோப்பு நகர்ந்த விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவு கூறுகிறது. ஆகவே மனுவில் ஊழல், சலுகை என்ற சொற்களையே எழுதாதீர்கள். எழுதினால் கோப்பு "எச்சரிக்கையாக"ப் பார்க்கப்படும். ஒரு மனுவில் ஒரு கோப்பு போதும். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையுடன் அனுப்புங்கள்.

30 நாளில் பதில் வரவில்லையென்றாலோ திருப்தியில்லை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால் முதல் மேல்முறையீட்டை அலட்சியமாக இரண்டு வரியில் எழுதிவிடாதீர்கள். மறுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: தனிநபர் விவரம், வணிக இரகசியம், வரைபடத்தின் காப்புரிமை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 செய்த திருத்தத்தால் 8(1)(ஜெ) பிரிவு முன்னைவிட இறுகிவிட்டது. ஆயினும் பொதுநலன் மிகுந்தால் தரலாம் என்ற 8(2) பிரிவும், மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தர வேண்டும் என்ற 10ஆம் பிரிவும் இருக்கின்றன. ஆதார் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அடித்துவிட்டுத் தாருங்கள் என்று நீங்களே எழுதிவிடுவது நல்லது. நீங்கள் பக்கத்து நில உரிமையாளர் என்றால் 4(1)(டி) பிரிவையும் குறிப்பிடுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்லும் கடமை அதில் இருக்கிறது.

6. கோப்பை நேரில் பார்ப்பது: இங்கே அவசரப்படக் கூடாது

நகல் வந்துவிட்டதே என்று பார்வையிடலைக் கைவிடுகிறவர்கள் அதிகம். நகலில் தெரியாதது நேரில் தெரியும். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். நகலில் சாலை அகலம் 7.2 மீட்டர் என்று தெளிவாக இருந்தது. அசல் தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோது 7.2 என்ற எண்ணின் கீழ் வெள்ளைப் பூச்சு மின்னியது. தாளின் பின்புறத்தில் பேனா அழுத்திய தடம் வேறு எண்ணாக இருந்தது. அதே கோப்பில் தள ஆய்வு நடந்த நாளாகக் காட்டியிருந்தது, விண்ணப்பம் பதிவான நாளுக்கு நான்கு நாள் முந்தையது. நாள்காட்டியைப் பார்த்தால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குறிப்புக் கோப்பில் 14ஆம் பக்கத்துக்குப் பிறகு 16 இருந்தது. இவை எதையும் நாங்கள் அங்கே வாய்விட்டுப் பேசவில்லை. பார்த்தவற்றைத் தாளில் எழுதி, பக்க எண்ணுடன், "இன்று பார்வையிட்டபோது 15ஆம் பக்கம் கோப்பில் காணப்படவில்லை" என்று குறித்து, அலுவலரிடம் ஒரு படியைக் கொடுத்து எங்கள் படியில் முத்திரை வாங்கினோம். அந்த முத்திரை இல்லையென்றால் அடுத்த வாரமே 15ஆம் பக்கம் முளைத்துவிடலாம்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் பக்க எண்களை எண்ணுங்கள். பிறகு தேதிகளை மட்டும் ஒரு பட்டியலாக எழுதுங்கள்: விண்ணப்பம், கட்டணம், ஆய்வு, குறை கேட்பு, ஒப்புதல், அனுமதி. அதன் பிறகே உள்ளடக்கத்தைப் படியுங்கள். உள்ளடக்கத்தில் முதலில் இறங்கினால் அலுவலக மொழியின் அடர்த்தியில் நேரம் கரைந்துவிடும்; தேதிகளோ தாமே பேசும்.

குறிப்புக் கோப்பில் இளநிலை அலுவலர் என்ன எழுதினார், அவருக்கு மேலுள்ளவர் அதை எந்த வரியில் மாற்றினார் என்று பாருங்கள். கீழே உள்ளவர் "அனுமதிக்க இயலாது" என்று காரணத்தோடு எழுதியிருக்க, மேலே உள்ளவர் காரணம் ஏதும் காட்டாமல் "அனுமதிக்கலாம்" என்று எழுதியிருந்தால், உங்கள் தேடலில் கிடைக்கக்கூடிய மிக வலுவான தாள் அதுவே. அந்தக் கீழ்நிலை அலுவலரைப் பற்றி வெளியே பேசிவிடாதீர்கள். நேர்மையாக எழுதியவர் மாற்றலாகிப் போவார்.

உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தாளைத் தொட்டுப் புரட்டும் வேலையை அலுவலரிடமே விடுங்கள்; கோப்பு கிழிந்தது, காணாமல் போனது என்ற பழி உங்கள் மேல் வரக் கூடாது.

7. இணையான கோப்பைத் தேடுங்கள்

பாரபட்சம் என்பது ஒப்பீடு. ஒரே ஒரு கோப்பை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல இயலாது. அதே அலுவலகத்தில், அதே ஆறு மாதத்தில், அதே வகை விண்ணப்பங்களில் நிராகரிக்கப்பட்டவற்றின் பட்டியலைக் காரணத்துடன் கேளுங்கள். "சாலை அகலம் போதாது" என்று ஒருவருக்கு மறுத்த அலுவலர், அதே சாலையில் இன்னொருவருக்கு அனுமதித்திருந்தால், இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி விடுங்கள், விளக்கவுரையே வேண்டாம்.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. நிராகரிக்கப்பட்டவரே புகார் எழுதும்போது, "அவருக்குக் கொடுத்தீர்களே, எனக்கும் கொடுங்கள்" என்று முடித்துவிடுகிறார். ஒருவருக்குச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொடுத்ததைக் காட்டி மற்றவரும் அதையே கேட்பதற்கு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு இடம் தராது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன நிலை. அந்த அனுமதியை நீக்குங்கள் என்று கேட்பதே சரியான வேண்டுகோள்.

8. இப்போது கேளுங்கள்: "யாருக்க ஆளு?"

விதிமீறலும் தேதிகளும் கையில் வந்த பிறகு தொடர்பைத் தேடலாம். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்களின் 26ஆம் படிவ உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கிறது. அதில் தமக்கும் துணைக்கும் சார்ந்தோருக்கும் உள்ள நிலங்கள் அளவை எண்ணுடன் வரும். உள்ளாட்சி வேட்பாளர்களின் பத்திரங்களை மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வழியே கேட்கலாம். மனைப்பிரிவு ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இயக்குநர் பட்டியல் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கிடைக்கும்.

தொடர்பு இருப்பதே குற்றமாகிவிடாது. தலைவரின் தம்பிக்கும் விதிப்படி வீடு கட்ட உரிமை உண்டு. ஆனால் தம் குடும்பத்துக்கு ஆதாயமுள்ள பொருளில் உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து வாக்களித்தாரா என்பதை வருகைப் பதிவேட்டையும் தீர்மானத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். தொடர்பை எழுதும்போது ஆவணம் சொல்வதோடு நிறுத்துங்கள். "பினாமி" என்ற சொல்லை நீங்கள் எழுதாதீர்கள். அதை நிறுவும் சுமை உங்கள் தலையில் விழும்.

9. எந்த வாசலுக்கு முதலில் போவது

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால் முதல் மனு, அனுமதி அளித்த திட்ட அதிகாரிக்கும் உள்ளாட்சிக்கும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அனுமதியில்லாத, அனுமதிக்கு மாறான கட்டுமானத்தின் மேல் நடவடிக்கைக்கும், 57ஆம் பிரிவு வேலையை நிறுத்தவும் அதிகாரம் தருகிறது. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இதைச் செய்யாமல் நேரே இலஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனவர்களின் கதை ஒரே மாதிரி முடியும்: மனு துறைக்கே அனுப்பப்படும், துறை "நடவடிக்கையில் உள்ளது" என்று எழுதும், அதற்குள் மேல்தளம் வார்த்துவிடுவார்கள். குடி புகுந்த வீட்டை இடிக்க யாருக்கும் கை வராது.

அடுத்தது, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஊராட்சி தொடர்பானதென்றால் ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் அந்த மனுவுக்குச் சட்ட எடை கூடும். கிராம சபையிலும் தீர்மானம் கேட்கலாம். ஆண்டுக்கு ஆறு கூட்டங்களில் ஒன்று, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 அன்றே வருகிறது.

குளம், ஓடை, சானல் என்றால் நீர்வளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் எழுதுங்கள். பொதுப்பணித் துறைக் குளங்களுக்கு 2007ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. கடலோரம், ஈரநிலம் என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு. அங்கே 14ஆம் பிரிவு மனுவுக்கு ஆறு மாதக் காலக்கெடு உண்டு. தகவல் மனுவின் இரண்டாம் மேல்முறையீட்டுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். கையில் உள்ள தாள்களோடு போய்விட்டு, மீதியைப் பிறகு தாக்கல் செய்யலாம்.

நகராட்சி, பேரூராட்சி நிர்வாகத்தின் முறைகேடு என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் உண்டு. பணம் கேட்டதற்கோ கைமாறியதற்கோ சான்று இருந்தால் மட்டும் இலஞ்ச ஒழிப்புத் துறை. அங்கே போகும்போது மட்டும் மற்ற அலுவலகங்களுக்கு நகல் போடாதீர்கள்.

10. புகாரை எழுதும் முறை

இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் இடமும் அனுமதி எண்ணும். இரண்டாவதில் உடைந்த விதி. மூன்றாவதில் தேதிப் பட்டியல். கடைசியில் கேட்பது என்ன என்ற ஒரு வாக்கியம். இணைப்புகளுக்கு எண் கொடுங்கள். "ஊரே அறியும்" என்ற சொற்றொடர் வந்தால் அடித்துவிடுங்கள். ஊர் அறிந்தது கோப்பில் ஏறாது.

உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்துடன் அளிக்கும் குற்றச்சாட்டுக்கு, அவதூறைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. அதே வரிகளை வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுப் பரப்பினால் அந்த விலக்கு உங்களைக் காக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இளைஞர்கள் சறுக்குவது இங்கேதான்: மனு நல்ல மனு, குழுவில் போட்ட பதிவால் வழக்கறிஞர் அறிவிப்பு இவர் வீட்டுக்கே வந்து, புகார்தாரர் எதிர்மனுதாரராகி நிற்பார்.

11. மதுரைக்குப் போகும் முன்

நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. நீதிப்பேராணை (ரிட்) மனுவில் முதலில் கேட்கப்படுவது, "அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா, அதன் நகலும் ஒப்புகையும் எங்கே?" என்பது. அதனால்தான் 9ஆம் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்கிறேன். மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவிடுங்கள் என்ற ஆணை பெரும்பாலும் கிடைக்கும். அனுமதியை நீக்கும் ஆணைக்குக் கூடுதல் சான்று வேண்டும். உங்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் எல்லைத் தகராறோ தேர்தல் பகையோ இருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பொதுநல வழக்கில் அது பிறகு வெளிவந்தால் மனு தள்ளுபடியாவதோடு செலவுத் தொகையும் கட்ட நேரும்.

தாமதம் இன்னொரு பகை. வேலை தொடங்கியதை ஒன்றரை ஆண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனால் நீதிமன்றம் காரணம் கேட்கும். 2ஆம் படியில் எடுத்து வைத்த தேதியிட்ட படங்களும், ஒவ்வொரு மனுவின் ஒப்புகையும், பார்வையிட்ட நாளில் முத்திரை வாங்கிய அந்த ஒற்றைத் தாளும் அப்போதுதான் தேவைப்படும். அவற்றை ஒரே உறையில், தேதி வரிசையில், இரண்டு படி எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.